ஊசிக்கு ஒரு ரூபாய்

ஒரு சுமங்கலியின் மனம் நிறைந்த வாழ்த்துக்கு மொத்த விலை முப்பத்திரண்டு ரூபாய். வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் பழமும் தனி. முப்பத்திரண்டு என்பது கூடவே வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணிக்கு. நிறைய எடுத்தால் முப்பதுக்கும் வரும். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி மேட்சிங் சென்டர் வைத்திருக்கும் சம்பத்தை நவராத்திரி முடிந்த மறுநாள் போய்க் கேட்டால், அதே வாழ்த்தை இருபத்தெட்டுக்குப் போட்டுக் கொடுத்து, தூக்கிக்கொண்டு போக ஒரு பையும் தருவான்.

இந்தத் துணியை யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. போட்டுக்கொள்ளவும் முடியாது. ரவிக்கை தைக்க எண்பது பாயிண்ட் வேண்டும். எண்பது சென்டிமீட்டரைத் துணிக்கடையில் அப்படித்தான் சொல்வார்கள். தாம்பூலத்துக்கென்று வெட்டுகிற துணி அறுபதைத் தாண்டாது. விற்கிற சம்பத்துக்கும் அது தெரியும், வாங்குகிற பெண்களுக்கும் தெரியும், மடித்து வைக்கிற பீரோவுக்கும் தெரியும். அந்தத் துணியின் வேலை உடம்பில் ஏறுவது இல்லை, ஊர் சுற்றுவது. திங்கட்கிழமை ஒரு வீட்டில் கிடைத்தது புதன்கிழமை இன்னொரு வீட்டுக்குக் கிளம்பிவிடும். தன் கடையில் விற்ற கிளிப்பச்சைத் துணி ஒன்று, பல வருஷம் கழித்து, மடிப்புக்கூடக் கலையாமல் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்ததைச் சம்பத் பார்த்திருக்கிறான். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. "சுத்தட்டும். சுத்தறப்போ ஒண்ணு ரெண்டு காணாம பூடும்ல? அப்போ நம்மகிட்டதானே வரணும்" என்றான்.

இந்தச் சுற்றுக்கு ஒரே ஒரு விதிதான். யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கே திரும்பிப் போகக் கூடாது. அந்த ஒரே விதியைப் போன வருஷக் கொலுவில் மீறியவள், வேறு யாருமில்லை, சம்பத்தின் மனைவி சந்திரிகா.

சம்பத் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. அவன் அப்பா காலத்தில் பொம்மை வைக்கப் படியும் இல்லை, பார்க்க வர ஆளும் இல்லை, வரப்பும் வாய்க்காலும்தான். பிறகு அந்த நிலம் மனைகளாகி, மனைகளில் ஆபீஸ் போகிறவர்களும் வாத்தியார்களும் வந்து வீடு கட்டி, அந்த வீட்டுப் பெண்கள் சந்திரிகாவைக் கொலுவுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒன்பது நாளும் போய் வாங்கிக்கொண்டு வந்தால் மட்டும் போதுமா? அவளும் வைத்தாள். பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி மாமிதான் படி கட்டவும், மரப்பாச்சிக்குச் சேலை சுற்றவும் சொல்லிக் கொடுத்தவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது.

மாமிக்கு ஒரு பழக்கம். கொடுக்கிற ஒவ்வொரு துணியின் மடிப்புக்குள்ளும் விரல் நீளத்தில் ஒரு காமாட்சி படம் செருகி வைப்பார். போன வருஷம் சந்திரிகா மாமியின் கையில் ஒரு துணியை வைத்துக் கொடுத்தாள். மாமி எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்தார். அவ்வளவுதான், மடிப்பிலிருந்து காமாட்சி நழுவித் தரையில் மல்லாந்து விழுந்தாள். கூடம் நிறையப் பெண்கள். ஒருத்தியாவது வேறு பக்கம் பார்த்தாளா என்றால், இல்லை.

சந்திரிகா அன்றைக்குச் சொன்ன சமாதானம்: "அய்யோ மாமி, எங்க நாத்தனார்தான் தட்ட மாத்தி வெச்சிட்டாங்க."

மாமி குனிந்தார். படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு காம்பவுண்டுச் சுவருக்கு மேலே சிரிப்பு உண்டு, தண்ணீர் லாரி வந்ததா என்ற விசாரிப்பு உண்டு. ஆனால் ஒரு வருஷமாகச் சந்திரிகாவின் வீட்டு வாசற்படியை மாமி மிதிக்கவில்லை. "வரேன், வரேன்" என்பதோடு சரி.

தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. "கடை நிறைய துணி வச்சிருக்கா. அதுல ஒண்ண எடுத்துக் குடுக்க மனசு வரல பாத்தியா?" சந்திரிகாவுக்கு உறைத்தது அந்தப் பேச்சு பொய்யென்பதால் அல்ல. உண்மையென்பதால். கடையில் நாலு சுவருக்கும் துணி அடுக்கியிருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் சம்பத் அனுப்பியிருப்பான். அவள் கை அதுவாகவே பீரோவுக்குப் போயிற்று. அனகாபுத்தூரில் கைலி வியாபாரம் செய்தவரின் மகள் அவள். காசு கொடுக்காமல் வந்த பொருள் இருக்கும்போது காசு பெறும் பொருளைத் தொடாதே என்பது அவள் ரத்தத்தில் ஓடியது. ரத்தம் நல்லதுதான், ஆனால் காமாட்சி விழுந்தபோது அத்தனையும் முகத்துக்கு ஏறிவிட்டது.

இந்த வருஷம் அவளுக்கு ஒரே வைராக்கியம். சுற்றவே முடியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும். விலை இல்லாத ஒன்று. தன் கையால் செய்தது. மாமி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இவள் கொடுக்கத் தெரியாதவள் இல்லை என்று அந்த ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன செய்வது என்று போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு தேசத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, மூக்குக்கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டு, கைப்பையில் வைத்துக்கொள்ளும் தையல் பை செய்தாள். மூன்றாக மடித்தால் செல்போன் அளவு. விரித்தால் உள்ளே நூல், பட்டன், கொக்கி, ஊக்கு எல்லாம். சந்திரிகா அதை மூன்று முறை பார்த்தாள். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. துண்டுத் துணிக்கு இவள் வீட்டில் பஞ்சமா?

மேட்சிங் சென்டரில் துணிச் சுருளின் கடைசியில் எப்போதும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் மிஞ்சும். எண்பது பாயிண்ட் வராததை யார் வாங்குவார்கள்? அதெல்லாம் கடையின் மாடிப்படிக்குக் கீழே மூட்டையாகச் சேரும். மெஷின் துடைக்கிற கந்தலாக ஒரகடம் கம்பெனிகளுக்கு அது போகும்.

"அந்த மூட்ட எனக்கு வேணும்" என்றாள் சம்பத்திடம்.

"இன்னாத்துக்கு? நாயித்துக்கெழம ஆள் வருவான், எடை போட."

"கிலோ இன்னா வெல குடுப்பான்?"

"பதினெட்டு."

"நான் இருபது தரேன்."

சம்பத் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். "யார் பணத்துல?"

"உங்க பணத்துலதான்."

"அப்போ இருபத்திரெண்டா குடு" என்றான் அவன், சிரிக்காமல். பிறகு மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, கால் வைக்க இடமில்லாமல் முழங்காலை விரித்துக்கொண்டு, தானே வீட்டில் கொண்டுவந்து போட்டான்.

ஒரு மாதம் அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மயில்கழுத்துக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள், அரக்குக்குப் பக்கத்தில் சந்தனம் என்று துண்டுகளைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, பிறகு ஒட்டுப் போட்டாள். ஓரம் பிசிறாமல் இருக்கச் சாய்வாக வெட்டிய துணியில் பைப்பிங் அடித்தாள். உள்ளே லைனிங் துணியில் இரண்டு குட்டிப் பாக்கெட்டு. ஒன்றில் பட்டனும் கொக்கியும், இன்னொன்றில் விரலளவு நூல் கட்டர். துணிச் சுருளுக்கு நடுவே வரும் அட்டையைக் கத்தரித்து, அதில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று நூல் சுற்றிவைத்தாள். பழைய கம்பளியில் சதுரம் வெட்டித் தைத்து அதில் ஊசி குத்தினாள். கம்பளியில் குத்தினால் துருப்பிடிக்காதாம், வெள்ளைக்காரி சொல்லியிருப்பாள் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். மூட ஒரு பட்டன், மாட்ட ஒரு நூல் வளையம். இருபத்து நாலு பை. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் சேர்ந்தது மாமிக்கு. அதை மட்டும் பிரித்துப் பிரித்து மூன்று முறை தைத்தாள்.

கொலு வைத்த பிறகு வந்த சனிக்கிழமை, படப்பையிலிருந்து சம்பத்தின் அக்கா அங்காளம்மாள் வந்து இறங்கினாள். போன வருஷம் தட்டை மாற்றிவைத்ததாகச் சொல்லப்பட்ட அதே நாத்தனார். பைகளை அடுக்கி மூடியிருந்த அட்டைப்பெட்டியில் என்ன என்று அவள் இரண்டு முறை கேட்டும் சந்திரிகா சொல்லவில்லை. "நாளைக்கிப் பாரேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். பெருமை என்பது பிரிக்கிற வரைக்கும்தான் கனமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே எல்லாரையும் அழைத்திருந்தாள். பொழுது சாய்ந்தால் ஆளுக்கு நாலு வீடு போக வேண்டியிருக்கும். வங்கியில் வேலை பார்க்கும் ஜெயஸ்ரீ முதலில் வந்தாள். அவள் வந்தால் தெரு வந்த மாதிரி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் புது மருமகள் மாளவிகா, தன் மாமியாருடன் வந்தாள். கூடம் நிறைந்தது. பட்டாணிச் சுண்டல் சுற்றி வந்தது. மாமி வரவில்லை.

சந்திரிகா அட்டைப்பெட்டியைத் திறந்து, தாம்பூலத்தோடு முதல் பையை ஜெயஸ்ரீயிடம் நீட்டினாள்.

"ஏய், சூப்பரா இருக்கே! பர்ஸா? நீங்களே தைச்சதா?" ஜெயஸ்ரீ பட்டனைக் கழற்றி, முதல் மடிப்பைத் திறந்து, இரண்டாவதையும் திறந்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மூன்று ஊசி பளிச்சென்று மின்னின.

ஜெயஸ்ரீயின் விரல் பையிலிருந்து மெதுவாக விலகியது. பை அவள் மடியில் தனியாகக் கிடந்தது.

"அடியே!" என்றாள் அங்காளம்மாள். "ஊசியா வெச்சிக்கீறே?"

சந்திரிகாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியாத விஷயமா? நல்ல நாளில் ஊசியைச் சும்மா கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பேச்சு நின்றுபோகும் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். விளக்கு வைத்த பிறகு எவ்வளவு பெரிய மனுஷி வந்து கேட்டாலும் சம்பத் கடையில் ஊசி எடுத்துத் தரமாட்டான். "தீந்து போச்சுக்கா" என்பான், கண்ணாடி டப்பா நிறைய ஊசி பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மாதமாக ஊசியோடு உண்டு ஊசியோடு உறங்கியவளுக்கு ஊசி மட்டும் கண்ணில் படவில்லை. பை தெரிந்தது, பைப்பிங் தெரிந்தது, மாமியின் முகம் தெரிந்தது. பனி பெய்கிற ஊரில் யாரும் யாருக்கும் ஊசி கொடுத்துப் பேச்சு நின்றதில்லை போலிருக்கிறது. வெள்ளைக்காரி பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஊசியைக் குத்திக் காட்டினாள்.

"பேச்ச அறுக்கறதுக்கே ஒரு மாசம் உக்காந்து தைச்சியா?" என்றாள் அங்காளம்மாள்.

"ஆன்ட்டி, அதெல்லாம் இந்தக் காலத்துல யார் பாக்கறா? எனக்குக் குடுங்க" என்று மாளவிகா கையை நீட்டினாள். பக்கத்தில் அவள் மாமியார் தொண்டையைச் செருமினார். நீண்ட கை பாதியில் திரும்பிப் போய்க் கூந்தலில் பூவைச் சரிசெய்தது.

சந்திரிகாவின் காது மடல் கொதித்தது. கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. போன வருஷம் பார்த்த அதே கண்கள். அங்கே யோசித்துக்கொண்டிருந்தால் அழுகைதான் வந்திருக்கும். யோசிக்கவில்லை. அப்பாவின் கடையில் காலி டப்பாவின் மேல் உட்கார்ந்து வளர்ந்த அவள் வாய், அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"சும்மா யார் குடுத்தாங்க? விக்கிறேன். ஆளுக்கு ஒரு ரூபா வெச்சிட்டு எடுத்துக்குங்க. வித்தா தோஷமில்லல்ல அண்ணி?"

அங்காளம்மாள் யோசித்தாள். "வித்தா இல்ல. ஆனா வெளக்கு ஏத்தறதுக்குள்ள விக்கணும்."

ஜெயஸ்ரீ வெடித்துச் சிரித்தாள். "கொலுவுலயும் கடை திறந்துட்டீங்களே! ஜிஎஸ்டி உண்டா?"

"மூணா எடுத்தா ரெண்டு ரூபாய்க்குத் தருவீங்களா?" என்றது ஒரு குரல்.

"போன ஆடியில போட்டீங்களே தள்ளுபடி, அது இதுக்குக் கிடையாதா?" என்றது இன்னொன்று.

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரிகாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம். ராஜா ராணி பொம்மைக்கு முன்னால் ஒரு தட்டு வைக்கப்பட்டது. அதில் முதல் ரூபாய் விழுந்த ஓசை கல்லாப்பெட்டியில் விழுகிற ஓசை மாதிரியே இருந்தது. இத்தனை நாளாக அவளுக்குப் பிடித்திருந்த ஓசை அது.

காசு வைத்ததும் வேறொன்று நடந்தது. இனாமாக வந்ததை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கியதை, ஒரு ரூபாய்தான் என்றாலும், வெளிப்பக்கம் உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அதுவரை விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நிமிஷத்தில் வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டார்கள்.

"இதுல இந்த ஓரம் கொஞ்சம் கோணலா இருக்கே."

"எனக்கு ரோஸ் வேண்டாம், வேற கலர் காட்டுங்க."

"ஏய், இந்த மெரூன் என் ப்ளவுஸுக்கு உங்க கடையில வெட்டினதுல மிஞ்சின துணிதானே? என் துணியையே எனக்கு வித்துட்டாங்க பாரு!" இது ஜெயஸ்ரீ. சொன்ன பிறகுதான் போன வருஷம் அவளுக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த நாக்கைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. பேச்சை நல்லபடியாகத் திருப்புவதாக நினைத்து, அங்காளம்மாளைப் பார்த்துச் சொன்னாள்: "போன வருஷம் நீங்க தட்ட மாத்தி வச்சதுல பாவம் இவங்க மாட்டிக்கிட்டாங்க. இந்த வருஷமாவது அந்தப் பக்கம் போகாம இருங்கக்கா!"

"எந்தத் தட்டு?" என்றாள் அங்காளம்மாள்.

"அதான், மாமி குடுத்த துணிய மாமிக்கே..."

"நான் போன வருசம் வரவே இல்லியேம்மா. காலு ஒடஞ்சி படப்பையில கட்டில்ல படுத்துகினு இருந்தேன். இவதான் வந்து ஆர்லிக்ஸ் குடுத்துட்டுப் போனா."

யாரோ ஒருத்தி சுண்டலை மென்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

சந்திரிகா தட்டைப் பார்த்தாள். தட்டில் கிடந்த ரூபாய்கள் அவளைப் பார்த்தன. சமாதானம் ஒன்று தொண்டை வரை வந்தது: அது இந்த அண்ணி இல்ல, சின்ன அண்ணி. அப்படி ஒரு அண்ணி கிடையாது. ஆனாலும் அதைச் சொல்ல அவள் வாய் தயாராகத்தான் இருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"நான்தான் குடுத்தேன்" என்றாள். "யாரும் தட்ட மாத்தல. பீரோவுல இருந்துச்சி, எடுத்துக் குடுத்துட்டேன். கடையில இருந்து ஒண்ணு கொண்டாரச் சொல்லித் தோணல. அண்ணி பேர எடுத்து வுட்டுட்டேன்."

அங்காளம்மாள் தன் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். ஒரு ரூபாயைத் தட்டில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட எறிந்தாள் என்பது சரி. "எனக்கு ஒண்ணு எடு. ஊசியால நம்ம பேச்சு நின்னுதுன்னு இருக்கக் கூடாது. நின்னா இதுக்காக நிக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, "அடுத்த வீட்டுல காத்துண்டு இருப்பா", "குக்கர் வச்சுட்டு வந்தேன்" என்று கிளம்பினார்கள். போகும்போது ஜெயஸ்ரீ சந்திரிகாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பதில் அவள் திட்டிவிட்டே போயிருக்கலாம்.

பெட்டியில் ஒரே ஒரு பை மிஞ்சியது. மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வேளச்சேரி சாலையில் பஸ்களின் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. எதிர் வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அங்காளம்மாள் இரண்டு முறை சொல்லிவிட்டாள்: "வெளக்க ஏத்து."

"இரு அண்ணி."

"எதுக்கு இரு? அந்தம்மா வர மாட்டாங்க. நானா இருந்தா வருவேனா?"

சந்திரிகா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குத்துவிளக்குக்கு முன்னால் நின்றாள். ஏற்றிவிட்டால் ஊசியைக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பொழுது சாய்ந்தும் ஏற்றாமல் இருப்பது அதைவிடக் குற்றம். அண்ணியோடு சேர்த்து இருபத்து மூன்று பேர் பை எடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு மாதம் முதுகு ஒடியத் தைத்தாள். ஒருத்திக்கும் எதுவும் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் விற்றிருந்தாள். தெரு அவளைப் பற்றி என்ன சொல்லியதோ, அதைத் தெருவைக் கூட்டி உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்து நிரூபித்துவிட்டாள்.

"இன்னும் விளக்கு வைக்கலையா?"

வாசலில் திரிபுரசுந்தரி மாமி நின்றிருந்தார். செருப்பை எப்போதோ கழற்றியிருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. கேட்க சந்திரிகாவுக்குத் தைரியம் இல்லை.

"வாங்க மாமி. உள்ள வாங்க."

மாமி வந்தார். படிகளைப் பார்த்தார். மரப்பாச்சியின் சேலையைச் சற்று இழுத்துவிட்டார். பிறகு தட்டைப் பார்த்தார். "இது என்ன, உண்டியலா?"

சொல்லித்தானே ஆக வேண்டும்? சந்திரிகா பையை எடுத்து மாமியின் கையில் கொடுக்காமல், எதிரே பலகையின் மேல் வைத்தாள். "ஊசி இருக்கு மாமி. நான் யோசிக்காம வெச்சிட்டேன். சும்மா குடுக்கக் கூடாதாம். எல்லாரும் ஒரு ரூபா..." மாமியிடம் காசு கேட்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மாமி பையைப் பிரித்தார். மடிப்பு மடிப்பாகத் திறந்தார். நூல் சுற்றிய அட்டையைத் தொட்டார், தையலை விரலால் நீவினார். பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை உதறினார். ஒன்றும் விழவில்லை.

"பரவாயில்லை. இந்தத் தடவை உள்ள யாரும் இல்லை" என்றார்.

சந்திரிகா முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். அங்காளம்மாளுக்குக்கூடச் சிரிப்பு வந்து, பிறகு கோபமாக இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டாள்.

"நன்னா தைச்சிருக்கே" என்றார் மாமி. "ஆனா நான் பர்ஸ் எடுத்துண்டு வரலையே. பக்கத்து வீடுதானேன்னு அப்படியே வந்துட்டேன்."

"நான் போட்டுடறேன்மா" என்றாள் அங்காளம்மாள், சுருக்குப் பையைத் தடவிக்கொண்டே.

"எனக்கு நீங்க எதுக்குப் போடணும்? அப்புறம் அது உங்களோடதாயிடும்." மாமி சந்திரிகாவைப் பார்த்தார். கரும்பலகையில் கணக்கு எழுதிவிட்டு வகுப்பைப் பார்க்கிற பார்வை. "கடன் குடுப்பியா?"

"மாமி..."

"சும்மாவும் குடுக்க முடியாது. கையில காசும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆயிடுத்து. வேற வழி சொல்லு."

சந்திரிகாவுக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். "எடுத்துக்குங்க" என்றாள்.

"எப்போ தருவேன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

மாமி பையை மடித்து, பட்டனை மாட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார். "ம்ம், ஏத்து" என்றார். சந்திரிகா தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதில் திரி பிடித்தது. மாமி சுண்டல் வாங்கிக்கொள்ளவில்லை. முழங்கால் வலிக்கிறது, நின்றபடி சாப்பிட முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றார். அது நிஜமா சாக்கா என்று சந்திரிகா வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்தைப் பற்றி அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மறந்தேன் என்றும் சொல்லவில்லை.

காலையில் கடைக்குக் கிளம்பிய சம்பத்தின் கண்ணில் தட்டு பட்டது.

"அட, சில்லற! கடையில சில்லற இல்லாம தெனம் பேஜாரா கீது." உட்கார்ந்து ஐந்து ஐந்தாக அடுக்கிவிட்டான். நாலு அடுக்கு, மேலே மூன்று. "இருபத்திமூணு. எத்தினி பை போச்சி?"

"இருபத்திநாலு."

"ஒண்ணு கொறையுதே. தட்டுக்கு அடியில பாத்தியா?"

"கொறையல. மாமி தரணும்."

"பக்கத்து வூட்டு மாமியா? வெளியதான் கோலம் போட்டுகினு கீறாங்க. போறப்போ கேட்டு வாங்கிக்கறேன்."

சந்திரிகா அவனுக்கும் வாசலுக்கும் நடுவே வந்து நின்றாள். "கேட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"ஒரு ரூபாய்க்கா?"

"ஒரு ரூபாய்க்குத்தான்."

சம்பத் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு பாக்கியைக் கேட்க வேண்டாம் என்று சொல்லி அவன் காதால் கேட்டதில்லை. "வராத கடனா எழுதிக்கட்டா?"

"வர்ற கடன்தான். நீங்க கேக்காதீங்க, அவ்ளோதான்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மாமியைக் கடக்கும்போது "குட் மார்னிங் மாமி" என்றான், வேறெதுவும் கேட்கவில்லை. சந்திரிகா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி கோலத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். சந்திரிகா சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். கடன்காரர் வெளியே நிற்க, கடன் கொடுத்தவள் ஒளிந்துகொண்டாள்.

உள்ளே அங்காளம்மாள் ஊருக்குப் போகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நேற்று மாமி போனதிலிருந்து சந்திரிகாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தைத்தது இருபத்து நாலு. வரவு இருபத்து மூன்று ரூபாய், கல்லாவுக்குப் போயிற்று. அண்ணிக்குத் தர வேண்டிய மன்னிப்பு ஒன்று, இன்னும் தரவில்லை. பக்கத்து வீட்டில் பாக்கி ஒரு ரூபாய்.